கரைசேர்த்தவனின் படகு

பலேர்மோ
19 ஒக்ரோபர் 2025

சுலக்சனாவுக்கு,

உன்னுடைய தொலைபேசியில் என் இலக்கத்தை மறித்து வைத்திருக்கிறாய். வைத்திரு. பலேர்மோவுக்கும் ஜெனோவாவுக்கும் ஓடுகிற கப்பலின் குசினியில் வேலை செய்கிற றோபேட்டை உன்னால் மறிக்க முடியாது. இந்தக் கடிதத்தை அவன் உன் கையில் தருவான். பதிலையும் கையோடு வாங்கிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். கடவுள் கடைசியில் கண்ணைத் திறந்துவிட்டார். அந்தப் பெரிய நாட்டுக்காரர் போதைப்பொருள் ஏற்றிப்போகிற படகுகளைக் கடலிலேயே குண்டு போட்டு அழிக்கத் தொடங்கினவர்கள் இன்னும் நிறுத்தவில்லை. பிடிப்பது, விலங்கு போடுவது, வழக்கு, பிணை என்று ஒரு இழுபறியும் இல்லை. மேலிருந்து ஒன்று விழும், கதை முடியும். பொலிதேயாமாச் சந்தியில் நான் கூட்டித் துடைக்கிற வழக்கறிஞர் கந்தோர் உனக்குத் தெரியும்தானே. அந்த அவ்வொகாத்தோதான் தன் கணினியில் எனக்குப் படத்தைக் காட்டினார். தும்புத்தடியைப் பிடித்தபடி நின்று நான்கு தரம் பார்த்தேன். அன்றைக்கு இரவு, பதின்மூன்று மாதத்துக்குப் பிறகு, வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

தான் வேலை செய்த கப்பலில், வாழைப்பழக் கொள்கலனுக்குள் போதைக் கும்பல் ஒளித்த பொதிகளைக் கண்டு கப்டனிடம் சொன்னான் என்பதற்காக என் பிள்ளையை எக்குவடோரில் சுட்டுத் தண்ணீருக்குள் தள்ளினார்கள். இன்றுவரை ஒருவனையும் பிடிக்கவில்லை. இப்போது அவங்களுடைய ஆட்கள் எரிகிறார்கள். எரியட்டும்.

அந்தப் பெரிய நாட்டில், போதைக் கும்பல்களால் பிள்ளைகளை இழந்த குடும்பங்கள் ஒரு சங்கம் வைத்திருக்கின்றன. குண்டு போடுவதை நிறுத்தக்கூடாது என்று அரசாங்கத்துக்கு ஒரு பத்திரம் கொடுக்கப்போகிறார்கள். அதில் றஞ்சித்தின் படமும் பெயரும் வரவேண்டும். தகப்பன் நான் கையெழுத்து வைப்பேன். மனைவி உன்னுடைய கையெழுத்தும் இருந்தால் நல்லது என்கிறார் அவ்வொகாத்தோ. தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். சிலுவை போட்ட இடத்தில் வை.

றஞ்சித்தின் ஒரு வருட ஆட்டைத்திவசத்தில் கோபத்தில் ஒரு சொல் சொன்னேன். அதையே பிடித்துக்கொண்டு நிற்காதே. நான் நன்றி கெட்டவன் இல்லை. றஞ்சித்தின் உடலைத் தண்ணீருக்குள் இருந்து தூக்கிக் கரைசேர்த்த அந்த மீன்காரன் ஹசிந்தோவுக்கு, முப்பத்தொராம் நாள் அந்தியேட்டி முடிந்த கையோடு படகுக்கு எஞ்சின் வாங்கிக் கொடுத்தவன் நான். ஒரு சின்ன எஞ்சின் போதும் என்றுதான் அவன் கேட்டான். "எங்கட பிள்ளையைத் தூக்கினவனுக்குச் சின்னதாக் குடுக்கிறதோ?" என்று சொல்லிப் பெரியதாக இரண்டு வாங்கிக் கொடுத்தேன். எனக்கு நன்றியும் தெரியும், பழியும் தெரியும்.

மாமா
சோதிலிங்கம்


ஜெனோவா
27 ஒக்ரோபர் 2025

மாமாவுக்கு,

தாளைத் திருப்பி அனுப்புகிறேன். கையெழுத்து இல்லை.

நீங்கள் அதை ஒரு சொல் என்கிறீர்கள். நாற்பது பேர் சாப்பாட்டுக்கு இருந்தார்கள். நான் சோற்றுச் சட்டியோடு நின்றேன். படகுகளுக்குக் குண்டு போடுகிற செய்தி வந்த கிழமை அது. "ஆர் எவர் எண்டு கேக்காமல் கடலிலை சுடுறது சரியில்லை" என்று மட்டும்தான் நான் சொன்னேன். நீங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி, "உன்ரை கொப்பரையும் சும்மா சுட்டிருக்க மாட்டாங்கள்" என்றீர்கள். மாமி தலையைக் குனிந்தா. மற்றவர்கள் பருப்பைப் பிசைந்தார்கள்.

அப்பா போனபோது நான் எட்டாம் வகுப்பு. நான்கு பேர், ஒரு படகு, திருக்கை வலை. நேவியின் கன்போட் வந்தது. அடுத்த நாள் றேடியோவில் கடத்தல் படகு ஒன்று அழிக்கப்பட்டதாகச் சொன்னார்கள். கடத்தல்காரனின் வீட்டில் அன்றைக்கு விளக்குக்கு மண்ணெண்ணெய் இருக்கவில்லை. படகில் என்ன இருந்தது என்று ஒருவரும் போய்ப் பார்க்கவில்லை. சுட்டவர்களே சொன்னார்கள், சொன்னது எழுதப்பட்டது, அவ்வளவுதான். கல்யாணம் பேசும்போது நீங்களும் அதைத்தான் விசாரித்தீர்கள்.

நான் இரக்கப்பட்டு எழுதுகிறேன் என்று நினைக்கவேண்டாம். எனக்கு இரக்கம் இல்லை. றஞ்சித்தைச் சுட்டவன் எனக்கு உயிரோடு வேண்டும். அவனை ஒரு கதிரையில் இருத்தி, றஞ்சித் என்ற பெயரை அவன் வாயால் சொல்லவைக்க வேண்டும். அவனுடைய தாய் பின்வாங்கில் இருந்து அதைக் கேட்கவேண்டும். பிறகு அவன் பல்லு விழுந்து, கண் மங்கி, உள்ளுக்குள்ளேயே கிழவனாக வேண்டும். நான் இஞ்சை ஹொட்டேல் சலவைக்கூடத்தில் ஒரு நாளைக்கு இருநூறு படுக்கைவிரிப்பு மடிக்கிறேன். மடிக்க மடிக்க அதைத்தான் நினைக்கிறேன். குண்டு விழுந்தால் யார் செத்தது என்று யாருக்குத் தெரியும்?

இன்னொன்று. சுட்டவனைக் கண்ட ஒருவர் இருக்கிறார். பெயரும் சொல்லியிருக்கிறார். ஜனவரி இருபதாம் திகதி எக்குவடோரில் அரச வழக்கறிஞருக்கு முன்னால் வாக்குமூலம் கொடுக்கிறார். அவர் யார் என்று உங்களுக்கு எழுதமாட்டேன். உங்களுக்குச் சொன்னால் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பூசை முடிய முதல் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

ஜனவரிவரை பொறுங்கள். அதுவரை எந்தத் தாளிலும் றஞ்சித்தின் பெயரைப் போடாதீர்கள்.

சுலக்சனா


பலேர்மோ
9 நவம்பர் 2025

சுலக்சனாவுக்கு,

உன்னுடைய கடிதத்தை வாசித்துச் சிரித்தேன். நீதிமன்றமாம், கதிரையாம், பின்வாங்காம். பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதிக்குக் கைரேகை வைக்கக் குவெஸ்தூராப் பொலிஸ் வாசலில் மழைக்குள் நிற்கிற சனம் நாங்கள். எங்களுக்கு எந்த நாட்டு நீதிமன்றம் வாசலைத் திறக்கப்போகிறது? நீ இருந்துவிட்டுப் போன இந்த ஊரில் நீதிபதிகளையே மாஃபியாக்காரர் றோட்டோடு சேர்த்துக் குண்டு வைத்துக் கொன்றார்கள். அப்படியான கூட்டத்துக்கு வாக்குமூலம் என்றால் பயமோ? உன்னுடைய சாட்சி ஜனவரிக்கு முதல் வாயை மூடுவான், இல்லையென்றால் அவனை மூடவைப்பார்கள். எழுதி வைத்துக்கொள்.

நான் கையெழுத்து வைத்துவிட்டேன். தகப்பன் ஒருவனின் கையெழுத்தே போதும் என்று சங்கம் சொல்லிவிட்டது. அவர்களுக்கு நல்ல உடுப்போடு ஒரு படம் தேவைப்பட்டது. நல்ல படம் என்று இருந்தது உங்கள் கல்யாணப் படம்தான். அவ்வொகாத்தோவின் மேசையில் இருந்த கத்தரிக்கோலால் உன்னை வெட்டிவிட்டுக் கொடுத்தேன். கோபித்துக்கொள், எனக்கென்ன. பத்திரத்தின் கீழே கொட்டை எழுத்தில் என்னுடைய பெயர் இருக்கிறது: சோதிலிங்கம், பலேர்மோ. "இந்தத் தாக்குதல்களை நடத்துகிறவர்களுக்கு எங்கள் குடும்பம் நன்றி சொல்கிறது" என்பது அதற்கு மேலே உள்ள வசனம். அதை நான் சொல்லிக்கொடுத்தேன். அவர்கள் அப்படியே எழுதினார்கள்.

மாமி என்னோடு இரண்டு நாளாகக் கதைக்கவில்லை. அவவும் உன்னுடைய பக்கம்தான் போலக் கிடக்கிறது.

சோதிலிங்கம்


ஜெனோவா
20 நவம்பர் 2025

மாமாவுக்கு,

என்னை வெட்டினதற்காக நான் அழவில்லை. என்னுடைய கை அவருடைய தோளில் இருந்தது. அதையும் வெட்டினீர்களா, இல்லை ஒரு கையை மட்டும் விட்டுவிட்டீர்களா என்றுதான் யோசிக்கிறேன்.

பலேர்மோவைப் பற்றி எனக்குப் படிப்பிக்கிறீர்கள். நீங்கள் பகலில் வேலை செய்கிற அந்த இத்தாலியக் கிழவி சிஞ்ஞோராவின் வீட்டில் நானும் மூன்று வருடம் சமைத்தேன். நீதிபதிகள் செத்த வருடம் ஆயிரக்கணக்கில் ஆமி வந்து சந்திக்குச் சந்தி நின்றதாம். சிஞ்ஞோரா அவர்களுக்குக் கோப்பி கொடுத்திருக்கிறா. "நல்ல பொடியங்கள், பாவம், வெய்யிலுக்கை நிண்டாங்கள்" என்று சொல்லுவா. ஆனால் நாற்பது வருடத்துக்கு மேல் ஒளித்திருந்த மாஃபியாப் பெரியவனைப் பிடித்தது துவக்கு இல்லையாம். அவனுக்குத் தோய்த்து மடித்த உடுப்புப் பொதி ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போக, அதன் பின்னால் பொறுமையாகப் போய்ப் பிடித்தார்களாம். சலவைக்காரி நான், அதை மறக்கமாட்டேன்.

உங்களுக்குப் பழி வேண்டியதில்லை, மாமா. வெடிச்சத்தம்தான் வேண்டும். பழி வேண்டுமென்றால் என்னைப்போல இருந்து காத்திருப்பீர்கள்.

இனி எழுதவேண்டாம்.

சுலக்சனா


பலேர்மோ
14 டிசம்பர் 2025

சுலக்சனாவுக்கு,

எழுதவேண்டாம் என்றாய். இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

இந்த முறை எக்குவடோர்க் கரையோரம். எங்கள் பிள்ளை செத்த அதே கடல், அதே பக்கம். மூன்று பேர் முடிந்தார்கள். படம் வந்த உடனே அவ்வொகாத்தோ என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு என்னுடைய தொலைபேசிக்கும் அனுப்பச் சொல்லி வாங்கினேன். வெள்ளைப் படகு. பின்னுக்கு இரண்டு பெரிய எஞ்சின். முதலில் மெதுவாகப் போகிறது. ஒருவன் எழும்பி நின்று எதையோ இழுக்கிறான். பிறகு வெளிச்சம். பிறகு ஒன்றும் இல்லை. ஒன்பது தரம் பார்த்துவிட்டேன்.

அந்தப் பெரிய நாட்டின் பேச்சாளர் நல்ல கேள்வி ஒன்று கேட்டார். சாதாரண மீன்காரனுக்கு இரண்டு பெரிய எஞ்சின் எதற்கு? இதற்கு உன்னிடம் என்ன பதில் இருக்கிறது? உன்னுடைய தகப்பனின் படகில் ஒரு சின்ன எஞ்சின்தான் இருந்தது, அதுவும் நின்று நின்று ஓடும் என்று நீயே றஞ்சித்துக்குச் சொல்லியிருக்கிறாய். அப்படியென்றால் இவன் யார்?

றஞ்சித்தின் படத்துக்கு முன்னால் கற்பூரம் கொளுத்தினேன். மாமியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவ பாதியில் எழும்பிக் குசினிக்குள் போய்விட்டா. பாத்திரம் கழுவுகிற சத்தம் அரைமணித்தியாலம் கேட்டது. சிங்கில் ஒரு பாத்திரமும் இருக்கவில்லை.

சங்கத்துக்காரர் எனக்கு நன்றிக் கடிதம் அனுப்பியிருக்கிறார்கள். என்னுடைய பெயர் அங்குள்ள பேப்பரிலும் வந்ததாம்.

சோதிலிங்கம்


ஜெனோவா
4 ஜனவரி 2026

மாமா,

இருந்துகொண்டு வாசியுங்கள். மாமியையும் பக்கத்தில் இருத்துங்கள்.

எக்குவடோரில் இருக்கிற மாலுமிகள் மிஷன் பாதிரியார் எழுதியிருக்கிறார். ஸ்பானிஷ்தான், இத்தாலியன் தெரிந்ததால் விளங்கிக்கொண்டேன். விளங்காமல் இருந்திருக்கலாம். ஹசிந்தோ டிசம்பர் பத்தாம் திகதி பின்னேரம் மச்சானோடும் இன்னொருவரோடும் சூறை மீனுக்குப் போனவர் திரும்பி வரவில்லை. நீங்கள் ஒன்பது தரம் பார்த்த படத்தில் எழும்பி நிற்கிறவர் அவர்தான். இழுத்தது வலை. அவருடைய மனைவி மரியெலா அதைப் பார்த்து, அவர் போட்டிருந்த சேட்டை வைத்து அடையாளம் சொல்லியிருக்கிறா.

மற்றப் படகுகளில் பெரும்பாலும் சின்ன எஞ்சின் ஒன்று இருக்கும். இவருடைய படகில் மட்டும் இரண்டு பெரிய எஞ்சின். யார் கொடுத்தது, எதற்காகக் கொடுத்தது என்று நான் எழுதத் தேவையில்லை.

இனி மறைத்து என்ன பயன். என்னுடைய சாட்சி அவர்தான். உடலைத் தூக்க முதல் சுட்டவனையும் அவர் கண்டவர். ஐந்து மாதமாகப் பாதிரியார் மூலம் நாங்கள் எழுதிக்கொண்டிருந்தோம். முதலில் பயந்தார். பிறகு, "உங்கட மாமா எனக்கு எஞ்சின் தந்தவர், நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அதைத் தொட்டு ஓடேலாது" என்று சொல்லி ஒத்துக்கொண்டார். இருபதாம் திகதிக்கு இன்னும் பதினாறு நாள் இருக்கிறது. வாக்குமூலம் கொடுக்க ஆள் இல்லை. றஞ்சித்தைச் சுட்டவன் தன் வீட்டில் இருக்கிறான். நத்தார்ப் பண்டிகைக்குப் பட்டாசு கொளுத்தினானாம்.

சாட்சியின் வாயை மூடவைப்பார்கள் என்று எழுதினீர்கள். சரியாகத்தான் எழுதினீர்கள். கும்பலுக்கு அந்த வேலையை மிச்சம் பிடித்துக் கொடுத்தது யார் என்பதைத்தான் பிழையாக எழுதினீர்கள்.

மரியெலாவுக்கு ஒரு வழக்கறிஞர் கிடைத்திருக்கிறார். படகின் பின்பலகையோடு ஒட்டியபடி எஞ்சினின் ஒரு துண்டு கரையொதுங்கியிருக்கிறது. அதில் இருக்கிற இலக்கத்தை ஒரு துண்டில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். உங்களிடம் இருக்கிற பற்றுச்சீட்டிலும் அதே இலக்கம் இருந்தால், அது ஹசிந்தோவின் படகுதான், அந்த எஞ்சின் கும்பல் கொடுத்ததல்ல என்று காட்டலாம். கேட்டு எழுதச் சொன்னார்கள். எழுதிவிட்டேன்.

சுலக்சனா


பலேர்மோ
18 ஜனவரி 2026

பிள்ளை,

இரண்டு கிழமையாக எழுத இருந்து எழுத இருந்து எழும்பிவிட்டேன்.

பத்தாவது தரம் பார்த்தேன். வலைதான். இழுக்கிற கையைப் பார்த்தால் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். நான் எப்படி ஒன்பது தரம் காணாமல் விட்டேன் என்று தெரியவில்லை. பேச்சாளரின் கேள்விக்குப் பதில் என்னிடம்தான் இருந்திருக்கிறது. சாதாரண மீன்காரனுக்கு இரண்டு பெரிய எஞ்சின் எதற்கு? பலேர்மோவில் சோதிலிங்கம் என்று ஒரு மொக்கன் தன்னுடைய பெயர் நிலைக்கவேண்டும் என்று கொடுத்தான். அவன் ஒன்று கேட்டான். நான் இரண்டு கொடுத்தேன்.

உன் தகப்பனைப் பற்றிச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். கடிதத்தில் கேட்டால் போதாது என்று எனக்குத் தெரியும். போன ஞாயிறு கோயிலில், பூசை முடிந்து சனம் கலைய முதல், எழும்பிச் சொன்னேன். சுலக்சனாவின் தகப்பன் மீன்பிடிக்கப் போய்ச் செத்த மனிதன், நான் பொய் சொன்னேன் என்று சொன்னேன். செருப்பைத் தேடிக்கொண்டு வெளியில் வந்துவிட்டேன்.

பற்றுச்சீட்டை எடுத்துக்கொண்டு அவ்வொகாத்தோவிடம் போனேன். அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. இதைக் கொடுத்தால், அவர்கள் போதைப் படகு என்று சொல்லுகிற படகுக்கு எஞ்சின் வாங்கிக் கொடுத்தவன் என்று நானே எழுதிக் கொடுத்த மாதிரியாம். மூன்று வருடமாகக் கிடக்கிற குடியுரிமை விண்ணப்பம் போய்விடுமாம். குவெஸ்தூராவில் கூப்பிட்டு விசாரிப்பார்களாம். கிழித்து எறி, உனக்கும் அந்தப் படகுக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்றார். பத்திரத்திலிருந்து என்னுடைய பெயரை எடுக்கச் சொல்லிக் கேட்டேன். கொடுத்தது கொடுத்ததுதான், இனி எடுக்க ஏலாது என்றார். விளக்குமாற்றை அவருடைய கதவில் சாத்திவிட்டு வந்தேன். இனி அங்கை வேலைக்குப் போகமாட்டேன்.

வீட்டுக்கு வந்தும் எனக்குத் துணிவு வரவில்லை. அதை உனக்கு ஒளிக்கமாட்டேன். பற்றுச்சீட்டை அரிசி வாளிக்குள் போட்டு மூடிவிட்டேன். நான்கு நாள் கிடந்தது. ஐந்தாம் நாள் மாமி அரிசி எடுக்கும்போது அதையும் எடுத்து எனக்கு முன்னால் மேசையில் வைத்தா. "குடுத்தது நீங்கள். சொல்லுறதும் நீங்கள்தான் சொல்லவேணும்" என்றா. அவ்வளவுதான் கதைத்தா. பிறகு உலையை வைத்தா.

இலக்கம் சரி. இரண்டு எஞ்சினின் பற்றுச்சீட்டுகளையும் றோபேட்டிடம் கொடுத்துவிட்டிருக்கிறேன். நான்தான் கொடுத்தேன், என்ன காரணத்துக்காகக் கொடுத்தேன் என்று கைப்பட எழுதி, கொமூனே நகரசபையில் முத்திரை குத்தி வைத்திருக்கிறேன். அனுப்பு.

எனக்கு இன்னும் பழி வேண்டும், பிள்ளை. அது போகவில்லை. இப்போது அதோடு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. ஹசிந்தோவைக் கொன்றவன் யார்? எங்கேயோ ஒரு அறையில் இருந்து பொத்தானை அமத்தினவனா? அவனுக்குப் பெயர் இருக்கா? யாரிடம் போய்க் கேட்பது?

மாமா


ஜெனோவா
2 பெப்ரவரி 2026

மாமா,

பற்றுச்சீட்டுகள் போய்ச் சேர்ந்தன. வழக்கறிஞர் இலக்கத்தை ஒப்பிட்டுப் பார்த்தார். சரியாக இருக்கிறது. அது ஹசிந்தோவின் படகு என்பதை இனி யாரும் மறுக்க ஏலாது என்கிறார். கோயிலில் நீங்கள் சொன்னதை மாமி தொலைபேசியில் சொன்னா. அதற்கு இப்போது பதில் எழுத என்னால் முடியாது. பிறகு பார்ப்போம்.

இந்தக் கடிதம் மரியெலாவைப் பற்றியது. அவ எனக்குத் தன் கையால் எழுதியிருக்கிறா. நான் தமிழில் எழுதித் தருகிறேன்.

"என் புருஷனைக் கொன்றவர்களின் பெயர் எனக்குத் தெரியாது. கேட்டேன், சொல்லமாட்டோம் என்றார்கள். இலாகாவின் பெயர் இருக்கிறது, கப்பலின் பெயர் இருக்கிறது, ஆளின் பெயர் இல்லை. யாரைச் சபிப்பது என்று தெரியாமல் இருந்தேன். பிறகு ஒருவர் எனக்கு ஒரு பத்திரத்தின் கடைசிப் பக்கத்தைக் காட்டினார். கொன்றவர்களுக்கு அதில் நன்றி சொல்லியிருக்கிறார்கள். கீழே ஒரு மனிதனின் பெயர் இருக்கிறது, ஊரும் இருக்கிறது. ஒவ்வொரு நாளும் மெழுகுதிரி கொளுத்தி அந்தப் பெயரைச் சொல்லுகிறேன். நல்லதுக்கு அல்ல. இப்போது பற்றுச்சீட்டு வந்திருக்கிறது. அதிலும் அதே பெயர் இருக்கிறது. எங்களுக்கு எஞ்சின் தந்த, செத்த பொடியனின் அப்பாவுக்காக ஹசிந்தோ பிள்ளைகளைச் செபிக்கப் பழக்கியவர். இந்த இரண்டு பேரும் ஒரு ஆள் இல்லை என்று எனக்குச் சொல்லு, மகளே. உங்களுடைய ஆட்களில் ஒரே பெயர் பலருக்கு இருக்கும் என்று பாதிரியார் சொல்லுகிறார்."

மாமா, நான் இரண்டு பதில் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றில், ஓம் பலருக்கு அந்தப் பெயர் இருக்கிறது, அது வேறு ஆள் என்று இருக்கிறது. நம்புவா. நம்பத்தான் ஆசைப்படுகிறா. நீங்களும் நிம்மதியாக இருக்கலாம். மற்றது உண்மை. போன வருடமென்றால் கேட்காமலே உண்மையை அனுப்பி, நீங்கள் துடிப்பதை இங்கிருந்து பார்த்திருப்பேன். இப்போதும் அந்த ஆசை கொஞ்சம் இருக்கிறது. அதனால்தான் நானாக முடிவெடுக்காமல் கேட்கிறேன்.

எதை அனுப்பட்டும்?

சுலக்சனா


பலேர்மோ
8 பெப்ரவரி 2026

பிள்ளை,

உண்மையை அனுப்பு. இரண்டு பேரும் ஒரே ஆள் என்று முதல் வரியிலேயே எழுது.

என்னுடைய முழுப்பெயரையும் எழுது. ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்தின் பின்பக்கம், பழக்கடைக்கு மேலே மூன்றாம் மாடி, இடது பக்கக் கதவு. றோட்டின் பெயரையும் வீட்டு இலக்கத்தையும் நீயே போட்டுவிடு. வாசல் மணியில் பெயர் ஒட்டியிருக்கிறது, தேடத் தேவையில்லை. மரியெலாவே வந்தாலும் சரி, யாரையாவது அனுப்பினாலும் சரி. மாமிக்கு இதில் ஒரு பங்கும் இல்லை என்பதை மட்டும் மறக்காமல் எழுதிவிடு.

பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு நான் வீட்டில்தான் இருப்பேன் என்பதையும் எழுது.

மாமா